நின்று நின்று ஓடும் பழைய கார்: கோளாறை எங்கிருந்து தேட ஆரம்பிப்பது

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் திடீரென்று ஆஃப் ஆகும். ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டால் அங்கே மட்டும் நாள் முழுக்க சமர்த்தாக ஓடும். அப்புறம் ஊகத்தில் வேலை ஆரம்பிக்கும்: முதலில் தீப்பொறி போடும் பிளக், அடுத்து அதற்கு அதிக வோல்ட் கொடுக்கும் காயில், அடுத்து பெட்ரோல் பம்ப். பில் ஏறிக்கொண்டே போகும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டியைச் சரிசெய்வது இதைவிட எத்தனையோ சுலபம், ஏனென்றால் கோளாறு கண்முன்னே இருக்கிறது, மல்ட்டிமீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) வைத்தால் சிக்கிவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறோ நாம் சோதிக்கும் நேரத்தில் இருப்பதில்லை. அதனால் இங்கே வேலையில் பெரும்பங்கு, அது வரும் அந்தச் சில நிமிடங்களுக்குத் தயாராக இருப்பதும், தேவைப்பட்டால் அதை நாமே வரவழைப்பதும்தான். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் காரையும் தொடக்ககால இன்ஜெக்ஷன் காரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். டீசலுக்குத் தனியாகக் கொஞ்சம் கடைசியில் இருக்கிறது.

ரோட்டில் நின்றுவிட்டால்

இதைப் படித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். ஓட்டத்தில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திருப்ப முடியும். பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குப் போதுமான வாக்கம் (வெற்றிட உறிஞ்சல்) மிச்சம் இருக்கும், அதனால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டுங்கள். சாவியை முழுக்கத் திருப்பி வெளியே எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடும். நின்ற பிறகு ஹேண்ட் பிரேக், ஹசார்ட் விளக்கு.

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டிருந்தாலோ ஆயில் விளக்கு எரிந்த பிறகு வண்டி நின்றிருந்தாலோ இந்தக் கட்டுரை அதற்கானது இல்லை. திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

எப்போது வருகிறது, எப்படி வருகிறது

டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போட்டு வையுங்கள். கோளாறு வரும்போதெல்லாம் எழுத வேண்டியது: இன்ஜின் சூடா குளிரா, கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, மழையா வெயிலா, மேடு ஏறும்போதா சிக்னலில் நிற்கும்போதா, ஏசி ஓடியதா, ரோட்டில் பள்ளம் ஏதாவது இருந்ததா, திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் பிடித்தது. சலிப்பான வேலைதான். ஆனால் நாலைந்து முறை எழுதியதும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். எழுதாமல் நினைவை மட்டும் நம்பினால், "எப்பவாவது நிற்குது" என்பதற்கு மேல் மெக்கானிக்கிடம் சொல்ல எதுவும் இருக்காது.

அரை மணி நேரம் ஓடிய பிறகே நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது என்றால் சூட்டில் செயலிழக்கும் மின்பாகம் அல்லது பெட்ரோல் ஓட்டத்தில் தடை. பள்ளத்தில் இறங்கும்போது அல்லது சாவிக்கொத்து ஆடும்போது என்றால் தளர்ந்த இணைப்பு. மழையில் மட்டும் என்றால் பிளக் வயர், அல்லது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. டேங்க் கால்வாசிக்குக் கீழே போகும்போது என்றால் பம்ப் அல்லது டேங்க். நின்றிருக்கும்போது மட்டும் ஆஃப் ஆகி, ஓட்டத்தில் நன்றாக இருந்தால் ஐட்லிங் சம்பந்தப்பட்டது. இது தீர்ப்பு இல்லை, தேடத் தொடங்கும் இடம்.

இன்னொன்று, வண்டி எப்படி நின்றது என்பது. சாவியை யாரோ திருப்பியது போல பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். இழுவை குறைந்து, குலுங்கி, ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகி, கொஞ்சம் தவித்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சக்கரம் இன்னும் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் ஒரே அடியாக பூஜ்யத்துக்கு விழுந்தால் இக்னிஷன் (தீப்பொறி) பக்கமோ, இன்ஜின் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரோதான் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். எல்லா வண்டியின் மீட்டரும் இப்படி நடந்துகொள்ளாது, ஆனாலும் காசு செலவில்லாத சோதனை.

நின்ற உடனே செய்ய வேண்டியது

வண்டி நின்றதும் நமக்கு வரும் முதல் எண்ணம் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பதுதான். அதைச் செய்யாதீர்கள், கோளாறு உயிரோடு இருக்கும் நேரம் அதிலேயே போய்விடும். பாதுகாப்பான இடத்தில் நின்றிருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. சாவியை ஆன் நிலையில் வைத்து டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றனவா பாருங்கள். எதுவுமே இல்லை என்றால் இன்ஜினை விட்டுவிட்டு பேட்டரி முனை, முதன்மை ஃபியூஸ், இக்னிஷன் ஸ்விட்ச் என்று போங்கள்.

2. இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் சாவியை ஆன் செய்ததும் பின்னால் டேங்க் பக்கத்திலிருந்து பம்ப் ஓரிரு நொடி முனகும். அந்தச் சத்தம் இல்லையென்றால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), ஃபியூஸ், பம்புக்குப் போகும் வயர், பம்ப் ஆகியவற்றில் ஒன்று. வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நின்ற அன்று சத்தம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கார்புரேட்டர் வண்டி என்றால் ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கம்பியை இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணம் காலி என்று சந்தேகிக்கலாம்.

3. தீப்பொறி. இதற்கென்றே விற்கும் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லாத பொருள். பிளக் வயரில் மாட்டி, கிளிப்பை இன்ஜின் இரும்பில் கவ்வ வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, பளிச்சென்று, சத்தத்தோடு வந்தால் நல்லது. மெலிந்து ஆரஞ்சாக வந்தால் பலவீனம். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள், எலக்ட்ரானிக் இக்னிஷனில் 30,000 வோல்ட்டுக்கு மேல் வரும். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பதும் வேண்டாம், உங்களுக்கும் ஆபத்து, காயிலுக்கும் ஆபத்து. பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இந்தச் சோதனையே கூடாது.

தீப்பொறி இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் சிலிண்டரில் பெட்ரோல் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள், பம்ப் பண்ணாமல். பல இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்படி மிதிக்கும்போது பெட்ரோல் தெளிப்பை கம்ப்யூட்டரே நிறுத்திவிடும்.

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வண்டியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். தீப்பொறி இல்லை, பம்ப் ஓடுகிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், எந்த மெக்கானிக்கும் சந்தோஷப்படுவார்.

முதலில் பேட்டரியும் எர்த்தும்

பழைய வண்டியில் மர்மமான கோளாறு என்று சொல்லப்படுவதில் நிறைய, கடைசியில் ஒரு துருப்பிடித்த எர்த் வயராக முடியும். அதனால் எதை வாங்குவதற்கும் முன்னால் இங்கே ஒரு மாலை நேரத்தைச் செலவழியுங்கள்.

வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். 12.4 என்றால் சுமார் முக்கால்வாசி சார்ஜ், 12.0 பக்கம் போய்விட்டால் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சரியில்லை. செல்ஃப் சுற்றினாலும் தீப்பொறிக்கும் கம்ப்யூட்டருக்கும் போதுமான வோல்ட் கிடைக்காமல் போகும்.

அடுத்து எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பி வரும் இணைப்பு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில் வைத்து, பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.3-ஐத் தாண்டினால் கேபிளையும் அதன் இரு முனைகளையும் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் தனித்தனிப் பட்டைகள் இருக்கும். பின்னலாக இருக்கும் அந்தப் பட்டை வெளியே பார்க்க முழுசாக இருந்தாலும் முனையில் பச்சை பிடித்து, நாலு இழை மட்டும் மிச்சம் இருப்பது சகஜம்.

புதிதாக மீட்டர் பிடிப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும், சுமை இல்லாதபோது மீட்டர் அழகாக 12 வோல்ட் காட்டும். அந்த வயர் வழியாக பம்ப் ஓட வேண்டும் என்றதும் படுத்துவிடும். ஆகவே கப்ளரை (வயர்களை இணைக்கும் செருகியை) கழற்றி வைத்துக்கொண்டு அளந்து திருப்திப்படாதீர்கள். கப்ளர் மாட்டியிருக்க, பாகம் வேலை செய்துகொண்டிருக்க, பின்பக்கமாக முனையைச் செருகி அளக்க வேண்டும். அல்லது சாதாரண பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைப் பயன்படுத்துங்கள், அது கொஞ்சமாவது மின்சாரம் இழுக்கும் என்பதால் மீட்டரைவிட நேர்மையாகப் பேசும்.

அப்புறம் ஆட்டிப் பார்ப்பது. வண்டியை நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, திறந்த வெளியில் ஐட்லிங்கில் விடுங்கள். மூடிய ஷெட்டில் வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வயர் கட்டுகளை ஒவ்வொன்றாக மெதுவாக ஆட்டுங்கள், கப்ளர்களை லேசாக இழுத்துப் பாருங்கள், ரிலேக்களை விரலால் தட்டுங்கள், சாவியை ஆன் நிலையிலேயே இப்படியும் அப்படியும் அசையுங்கள். எதையாவது தொட்டதும் இன்ஜின் தும்மினால் அந்த இடத்தில் நில்லுங்கள். பிளக் வயர், பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. சில வண்டிகளில் சாவி ஆஃபில் இருந்தாலும் ரேடியேட்டரின் மின்விசிறி தானாகச் சுற்றும்.

சாவியை அசைத்தால் நிற்கிறது என்றால் இக்னிஷன் ஸ்விட்ச்சின் உள்முனைகள் தேய்ந்துவிட்டன. கனமான சாவிக்கொத்து தொங்கும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

வண்டி வாங்கிய பிறகு வெளியே பொருத்திய அலாரம், திருட்டுத் தடுப்புக் கருவி ஏதாவது இருந்தால் என் சந்தேகப் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். டாஷ்போர்டுக்குக் கீழே இக்னிஷன் வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருப்பார்கள். அந்த டேப் வருடக் கணக்கில் வெயிலில் இளகி, ஜாயின்ட் தளர்ந்து, வண்டி எப்போது வேண்டுமானாலும் நிற்கத் தயாராக இருக்கும். அந்தக் கருவி இப்போது உபயோகத்தில் இல்லையென்றால் எடுத்துவிட்டு வயரை ஒழுங்காக சால்டர் செய்து ஒட்டிவிடுங்கள்.

சூடானால் மட்டும் நிற்கிறது என்றால்

இதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் வகை. உலோகம் சூட்டில் விரியும். காயிலுக்குள்ளோ சென்சாருக்குள்ளோ இருக்கும் மெல்லிய கம்பியில் விரிசல் இருந்தால் குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும், ஆறியதும் மறுபடி தொடும்.

சந்தேகத்துக்குரியவை நான்கு: இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து காயிலை இயக்கும் எலக்ட்ரானிக் மாட்யூல், கிராங்க் சென்சார், மாட்யூலுக்குப் பதில் பாயின்ட் (தொட்டு விலகும் முனைகள்) வைத்த வண்டி என்றால் அதோடு இருக்கும் கண்டன்சர். காயிலைச் சூடாக இருக்கும்போதும் ஆறிய பிறகும் ஓம் அளந்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குளிரில் சரியாக இருந்து, சூட்டில் மீட்டர் முடிவிலி காட்டினால் வேறு சாட்சி வேண்டாம். மாட்யூல் என்றால் அடியில் வெள்ளையாக சூடு கடத்தும் பேஸ்ட் தடவியிருக்க வேண்டும். யாராவது மாற்றும்போது அதைத் தடவாமல் விட்டிருந்தால் புது மாட்யூலும் சீக்கிரம் வேகும்.

நான்கில் எது என்று கண்டுபிடிக்க சூட்டையே ஆயுதமாக்குங்கள். வண்டி நின்று தீப்பொறி இல்லாதபோது, நனைத்துப் பிழிந்த துணியை சாவி ஆஃபில் காயில் மேல் மட்டும் போட்டு ஆறவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் காயில். ஆகவில்லை என்றால் அடுத்த பாகம். எதிர்த்திசையிலும் செய்யலாம்: வீட்டில் குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் ஒரு பாகத்தை மட்டும் சூடேற்றுங்கள். வெல்டிங் கடையில் உபயோகிக்கும் ஹீட் கன் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும், பெட்ரோல் ஹோஸ் பக்கத்தில் அது பேராபத்து.

கிராங்க் சென்சார் இன்ஜினின் அடிப்பகுதியிலோ கியர்பாக்ஸ் சேரும் இடத்திலோ உட்கார்ந்திருப்பதால் துணி போடுவது கஷ்டம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். இன்ஜின் சுற்றுகிறது, திரையில் பூஜ்யம் என்றால் சென்சார் அல்லது அதன் வயர். மாற்றும் முன் கப்ளரைத் திறந்து ஆயில் புகுந்திருக்கிறதா, வயரின் ரப்பர் உறை நொறுங்கியிருக்கிறதா பாருங்கள், சென்சாரின் நுனியில் இரும்புத்தூள் அப்பியிருந்தாலும் துடைத்துவிடுங்கள்.

ரிலேயும் இந்தக் குடும்பம்தான். உள்ளே இருக்கும் சால்டரில் வட்டமாக ஒரு மயிரிழை விரிசல் விழும், வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது, கதவைத் திறந்து வைத்தால் ஆகும். அதே எண் உள்ள ஹாரன் ரிலேயை பம்ப் ரிலே இடத்தில் மாட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பெட்ரோல் பக்கம்

வண்டி தவிக்க ஆரம்பித்ததும் ஓரம் கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். பலமாகக் காற்று உள்ளே உறிஞ்சும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி நன்றாக ஓடினால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் பம்ப் இழுக்க முடியாமல் திணறுகிறது. லேசான உஸ் சத்தம் வெயில் நேரத்தில் எல்லா வண்டியிலும் வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இன்னொரு குறும்பு டேங்கின் அடியில் இருக்கும். கிழிந்த பேப்பர் துண்டோ இலையோ கழன்ற ரப்பரோ பம்பின் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் விட்டுப்போய் அது கீழே விழும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகி, சில கிலோமீட்டர் ஓடி, மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஃபில்டரை மாற்றினாலும் இது போகாது, டேங்கை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் வயதாகி, மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருந்தால் நின்ற நேரத்தில் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் உயிர் வரும். வந்தால் பம்பை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பம்பைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதை ஆறவைக்கிறது, அதனால் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பம்பைக் குற்றம் சொல்லும் முன் பம்பின் எர்த் வயரை ஒருமுறை பாருங்கள். உறுதியாகத் தெரிய பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். பெரும்பாலான பழைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் 2.5 முதல் 4 பார் வரை இருக்கும், சரியான எண் புத்தகத்தில் உண்டு. ஐட்லிங்கில் மட்டும் பார்க்காமல் நன்றாகச் சூடான பிறகும், ரேஸ் செய்யும்போதும் பாருங்கள். பெட்ரோல் லைனைத் திறக்கும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியில் மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் பக்கம் இருந்து இழுக்கும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஹோஸில் வெடிப்பு இருந்தால் வெளியே ஒழுகாது, உள்ளே காற்றை இழுக்கும். அதனால் ஈரம் எங்கும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் கலந்த பெட்ரோல் மென்மையாக்கிக் கரைக்கும், உள்பக்கம் உரிந்து அந்தத் தூள் கார்புரேட்டரின் ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்னத் துளையில்) போய் நிற்கும். வெயில் காலத்தில் சூடான இன்ஜினை நிறுத்தி, கொஞ்ச நேரத்தில் எடுத்தால் மட்டும் தகராறு என்றால் லைனில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டுகிறது. லைன் சைலன்சர் குழாயை உரசிப் போகிறதா பாருங்கள், அசல் இடத்தில் கிளிப் போட்டிருந்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இருக்காது. ஈரமான குளிர்காலக் காலையில் இதற்கு நேர் எதிர்: கார்புரேட்டர் தொண்டையில் ஐஸ் கட்டி இன்ஜின் நிற்கும், சில நிமிடத்தில் உருகி ஓடும். ஏர் கிளீனருக்குச் சூடான காற்று கொண்டுவரும் குழாயை யாராவது கழற்றி வைத்திருந்தால் அதை மாட்டுங்கள்.

பெட்ரோல் நிரப்பிய கையோடு மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறதா பாருங்கள்.

மழையும் ஐட்லிங்கும்

மழைக்கால மிஸ்ஸிங்கை (ஏதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவதை) பிடிக்க இருட்டு போதும். இரவில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீர் தெளிப்பானால் பிளக் வயர்கள் மேல் பனி போல லேசாக அடியுங்கள். கசியும் இடத்தில் நீலமாகப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டது போல் கறுப்புத் தடம் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள்.

ஐட்லிங்கில் மட்டும் நின்றால் முதலில் வாக்கம் ஹோஸ்கள். காய்ந்து வெடித்த ஹோஸ் உஸ் என்று சத்தம் போடும், சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்தால் சத்தமோ ஐட்லிங்கோ மாறும். சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் அடித்துச் சோதிக்கும் வழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது, தீப்பிடிக்கும், வேண்டாம். இன்ஜெக்ஷன் வண்டியில் திராட்டில் பாடியிலும் ஐட்லிங் வால்விலும் கரி அப்பியிருக்கும், சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். கார்புரேட்டர் வண்டியில் ஐட்லிங் ஜெட்டில் ஒரு சின்ன மின்வால்வு இருக்கலாம், அதன் ஒற்றை வயர் கழன்றால் ஓட்டத்தில் நன்றாக ஓடி, காலை எடுத்ததும் நிற்கும்.

ஸ்கேனர் இருந்தால்

அமெரிக்காவில் 1996-லிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் பொதுவான ஓபிடி சாக்கெட் (ஸ்கேனரை மாட்டும் இடம்) கட்டாயம். அதற்கு முந்தைய பல வண்டிகள் எச்சரிக்கை விளக்கைச் சிமிட்டிக் குறியீடு சொல்லும். எத்தனை சிமிட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது புத்தகத்தில் இருக்கும்.

குறியீட்டைப் படித்ததும் அழித்துவிடாதீர்கள். அதோடு சேர்ந்து, கோளாறு வந்த நொடியில் இருந்த வேகம், சூடு, ஆர்பிஎம் எல்லாம் பதிவாகியிருக்கும், முதலில் அதைப் படம் எடுத்து வையுங்கள். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று, பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர், பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். குறியீடு பாகத்தின் பெயரைச் சொன்னாலும் அது பாகம் போய்விட்டது என்று சொல்லவில்லை, அந்தச் சுற்றில் எங்கோ தவறு என்றுதான் சொல்கிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் இரண்டாவது சிலிண்டர் என்று வந்தால் அதன் காயிலை மூன்றாவதுக்கு மாற்றி ஓட்டுங்கள். அடுத்த முறை பி0303 வந்தால் காயில்தான், இல்லையென்றால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ அதே போல இடம் மாற்றுங்கள். ஓட்டத்தில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் வேகத்தைக் குறையுங்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கிறது.

எதற்கும் சிக்கவில்லையா, பல்பு கட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. 12 வோல்ட்டில் எரியும் 5 வாட் சின்ன பல்பு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வயரை காயிலுக்கு வரும் பாசிட்டிவ் வயரோடும், மற்றொன்றை பம்புக்குப் போகும் பாசிட்டிவ் வயரோடும் இணைத்து, இணைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, பல்புகளின் மறு வயரை எர்த்தில் சேர்த்து, பல்புகளை டாஷ்போர்டில் டேப்பால் ஒட்டுங்கள். வயர் சூடான இடத்திலோ சுற்றும் பாகத்திலோ படக்கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

வண்டி நிற்கும் நொடியில் இரண்டும் அணைந்தால் இக்னிஷன் ஸ்விட்ச், முதன்மை ரிலே, அல்லது அலாரம் ஜாயின்ட். பம்ப் பல்பு மட்டும் அணைந்தால் பம்ப் ரிலே. அல்லது கிராங்க் சென்சார் சிக்னல் போனதால் கம்ப்யூட்டரே பம்பை நிறுத்தியிருக்கிறது, அப்போது ஆர்பிஎம் முள் என்ன செய்தது என்று கேளுங்கள். இரண்டும் எரிந்துகொண்டே வண்டி நின்றால் மின்சாரம் வந்து சேர்கிறது. காயில், பம்ப் மோட்டார், அதன் எர்த், அடைப்பு என்று தேடல் குறுகிவிடும். ரிலே மேல் சந்தேகம் வந்ததும் பம்புக்கு நேரடி வயர் இழுத்து நிரந்தரமாக ஓட்டாதீர்கள், விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

டீசல்

தீப்பொறி இல்லாததால் பாதி வேலை குறைவு. பழைய டீசல் விட்டுவிட்டு நின்றால் முதல் காரணம் லைனில் காற்று. பம்புக்கு முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸை ஒரு சின்ன நீளத்துக்கு மாட்டி குமிழி ஓடுகிறதா பாருங்கள். அடுத்து ஃபில்டரில் தண்ணீர், அதற்கடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் டீசலை நிறுத்தும் மின்வால்வான ஸ்டாப் சாலினாய்டின் வயர். ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது, இன்ஜின் உள்ளேயே வெடிக்கும்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றி வண்டி சரியானால் எது காரணம் என்று தெரியாது, திரும்ப வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாற்றிய பிறகு நோட்டை எடுத்து, முன்பு எந்த நிலையில் நின்றதோ அதையே உருவாக்குங்கள்: அதே வெயில், அதே அளவு பெட்ரோல், ஏசி போட்டு, அதே மேடு. முன்பு வாரத்துக்கு ஒருமுறை நின்ற வண்டி என்றால் மூன்று வாரமாவது தொல்லையில்லாமல் ஓடிய பிறகே நம்புங்கள், அதுவரை பல்புகளைக் கழற்றாதீர்கள். ஊகத்தில் மாற்றிய பழைய பாகம் நல்லதாகத்தான் இருந்தது என்று தெரிந்தால் தூக்கிப்போடாமல், பெயர் எழுதி டிக்கியில் வையுங்கள். அடுத்த சந்தேகத்துக்கு மாட்டிப் பார்க்க உதவும்.